கோல்கொண்டாவில் காணாமல் போனவள்

அத்தியாயம் நான்கு

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கிஷாந்தனின் ஓட்டோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பின் சீட்டிலிருந்த யோகம்மாவின் தலை மேல் கம்பியில் டங்கென்று இடித்தது. அவள் தடவிக்கூடப் பார்க்கவில்லை.

"யோகம்மாக்கா, கம்பிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான் கிஷாந்தன், கண்ணாடியில் பார்த்தபடி.

"முன்னுக்குப் பாத்து ஓட்டும் ஐசே" என்றார் பக்கத்திலிருந்த தர்மராசா.

யோகம்மா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் கன்னம் ஒன்று இருப்பதே தெரியாமல் போகுமே, அந்த மாதிரி ஒரு மரத்துப்போன நிலை மகள் போன செய்தி வந்த நாளிலிருந்து அவளுக்கு உடம்பு முழுக்க இருந்தது. காலையில் எழுந்தாள், பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தாள், தேயிலைக் கொழுந்து பறித்தாள், நிறுத்தாள். நிறை குறையவே இல்லை. "பெத்த வயிறா, கருங்கல்லா?" என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அதுவும் காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை.

விஷயம் இதுதான். அவளுடைய ஒரே மகள் லக்ஷிகா. இருபத்தொரு வயது. நான்கு வருஷமாகப் பதுளைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருக்கும் இத்ரூஸ் ஹாஜியார் வீட்டில் வேலை. போன மாதம் ஹாஜியார் குடும்பம் இந்தியாவுக்கு, ஹைதராபாத்துக்கு, சுற்றுலா போனபோது பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளையும் கூட்டிப் போனார்கள். கோல்கொண்டாக் கோட்டையைப் பார்க்கப் போனார்கள். போன குடும்பம் திரும்பி வந்தது. லக்ஷிகா வரவில்லை.

"கோட்டையில வெச்சு ஒரு பொடியனோட போயிட்டா" என்று ஹாஜியார் வீட்டில் சொன்னார்கள். மகளின் போன் அன்றிலிருந்து செத்துக் கிடந்தது.

தர்மராசா ஒரு காப்புறுதிக் கம்பனியில் முப்பது வருஷம் புலனாய்வு செய்து ஓய்வு பெற்றவர். இடுப்பு உடைந்தது, கால் விளங்கவில்லை என்று வந்தவர்களில் பாதிப் பேரை எழுந்து நடக்க வைத்தவர் என்று பதுளையில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. கிஷாந்தன் அவருக்குச் சாரதி, உதவியாளர், சில வேளைகளில் தலைவலி. லக்ஷிகாவைத் தேட இந்த இரண்டு பேரையும் அமர்த்தியவர் யோகம்மாவின் தம்பி பொன்னையா.

அவர்தான் இப்போது தர்மராசாவின் போனில் கத்திக்கொண்டிருந்தார். ஓட்டோச் சத்தத்தையும் மீறி எல்லோருக்கும் கேட்டது.

"உசிரோட இருந்தா தூக்கிட்டு வரணும் சார்! தை மாசத்துக்கு மண்டபம் பேசியாச்சு. கார்டு அடிச்சாச்சு. தோட்டத்துல நான் தலைவன் சார், தலை நிமிந்து நடக்கவாணாமா?"

"ஓம் ஓம். பாப்பம்" என்று போனை வைத்தார் தர்மராசா.

"ஏர்போட்டுல கேட்டா ஒரு நிமிசத்துல சொல்லிடுவானுங்களே சார், பொண்ணு வந்திச்சா வரலியான்னு?" என்றான் கிஷாந்தன்.

"பொலிஸ் கேட்டால் சொல்லுவாங்கள். பொலிசுக்குப் போனால் மானம் போயிடும், போகக்கூடாது எண்டு பொன்னையாவின்ர கட்டளை."

"மானம் தனியா எங்க சார் போவும்? அதுக்குப் பாஸ்போட்டும் கெடையாது."

பொன்னையாவுக்கு நாற்பத்து மூன்று வயது. முதல் மனைவி இறந்து இரண்டு வருஷம். மடுல்சீமைத் தோட்டத்துத் தொழிற்சங்கத்தில் தலைவர். யோகம்மாவின் புருஷன் போன பிறகு அந்த லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் அவளை யாரும் அசைக்காமல் இருப்பதே தம்பியின் வாயால்தான். 'அக்கா மகளை எனக்குத் தா' என்று அவர் வந்து நின்றபோது யோகம்மா 'சரி' என்றாள். தாய்மாமனுக்குக் கொடுப்பது புதிதா என்ன? மகளிடம் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஓட்டோ கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த ஒழுங்கையில் திரும்பி, பச்சைக் கேற் போட்ட வீட்டின் முன்னால் நின்றது. வெள்ளிக்கிழமை. வீட்டு ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். வாசலிலேயே புரியாணி வாசம் வழி மறித்தது.

கிஷாந்தன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். "சார், விசாரணையைக் கொஞ்சம் இழுத்துப் பேசுங்க. சாப்பாட்டு நேரம் வரைக்கும்."

ஹாஜியாரின் மனைவி ஸுலைஹா கதவைத் திறந்தார். யோகம்மாவைக் கண்டதும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, அதே வேகத்தில் ஒளிந்துகொண்டது.

"வாங்க யோகம்மா. வாங்க. உக்காருங்க."

"இருக்கட்டும் நோனா" என்று யோகம்மா நாற்காலியின் நுனியில் ஒட்டினாள்.

ப்ளேன்டி வந்தது. கிஷாந்தன் கோப்பைக்குள் பார்த்தான். வேறு ஏதாவது வருமா என்று சமையலறைப் பக்கமும் பார்த்தான்.

"திரும்பவும் ஒருக்கா சொல்லுங்கோ அம்மா" என்றார் தர்மராசா. "கோட்டைக்குப் போனதில இருந்து."

ஸுலைஹா போனை எடுத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். கருங்கல் மதில்கள். ஆனை வந்து முட்டாமலிருக்க இரும்பு முள் பதித்த பெரிய கதவு. மலை உச்சி வரைக்கும் வளைந்து வளைந்து போகும் படிகள். உச்சியில் ஒரு மண்டபம். கல்லை இப்படி அடுக்க எத்தனை பேருடைய முதுகு போயிருக்கும் என்று ஒரு நினைப்பு யோகம்மாவுக்கு வந்தது, அவ்வளவுதான், போய்விட்டது.

ஒரு படத்தில் லக்ஷிகா நின்றாள்.

கோட்டை வாசல். இடுப்பில் குழந்தை. முதுகில் ஒரு பெரிய, பூப்போட்ட நீலப் பை. அதன் பட்டியைத் தோளில் போடாமல் தலை உச்சியில் மாட்டியிருந்தாள், மலையில் கொழுந்துக் கூடையை மாட்டுகிற மாதிரியே. கைகள் இரண்டும் குழந்தைக்கு.

"நம்ம பொண்ணு கோல்கொண்டாவுலயும் கொழுந்து பறிக்கத்தான் போயிருக்கு" என்றான் கிஷாந்தன்.

யோகம்மா படத்தைப் பார்த்தாள். மகளுடைய முகம். அழுகை வரவேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"இந்தக் கதவுக்கு உள்ளுக்கு ஒரு வட்டக் கூரை ஈக்கிது" என்றார் ஸுலைஹா. "அதுக்குக் கீழ நின்டு கைதட்டினா மலைக்கு மேல கேக்குமாம். அந்தக் காலத்தில ராசாவுக்கு ஆள் வார சேதி செல்லுறதுக்கு. கைட் ஒருத்தன் தட்டிக் காட்டினான். நாங்க எல்லாரும் தட்டினோம். சனம் எண்டா சனம். திரும்பிப் பாத்தா லக்ஷிகா இல்ல. புள்ள மருமகள்ட கையில. பேக் நெலத்துல. கொஞ்ச நேரத்தால போனுக்கு மெசேஜ். 'என்னத் தேட வேணாம், நான் என் விருப்பத்தோடதான் போறேன்' எண்டு."

"அதுக்குப் பிறகு?"

"பொறகு நாங்க மேல ஏறின."

தர்மராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு பிள்ளை துலைஞ்சு போச்சு. நீங்கள் கோட்டை பாக்க ஏறினனீங்கள்?"

ஸுலைஹா ஒரு கணம் முழித்தார். "மேல நின்டு பாத்தா ஆள் எங்க போறாண்டு தெரியும்தானே? அதுக்குத்தான்."

"அதுவும் சரி. அந்தப் பையை ஆர் சுமந்தது?"

"நான்தான். ஹாஜியாருக்கு முழங்கால் நோவு. மகன்ட கையில புள்ள. மருமகள் அவளையே சுமந்துகொண்டு போனா போதும். தோள்ல போட்டுக்கிட்டு ஏறினேன், எறங்கினேன், அங்கிருந்து ஏர்போட், கொழும்பு, பதுளை வரைக்கும் என்ட தோள்தான். இந்தா, இன்னும் நோவுது." இடது தோளைப் பிடித்துக் காட்டினார்.

பிறகு யோகம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "யோகம்மா, கோவிச்சிக்காதீங்க. ஒங்கட புள்ளைக்கி எத்தின வயசு?"

"இருவத்தொண்ணு நோனா."

"ஒங்கட தம்பிக்கி?"

யோகம்மா ப்ளேன்டிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அந்த நேரத்தில் வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்தது. ஸுலைஹா அவசரமாக எழுந்து சமையலறைக்குப் போனார். கிஷாந்தன் உதவி செய்யும் சாக்கில் பின்னாலேயே போனான். திரும்பி வரும்போது அவன் இரண்டு கைகளிலும் கேரியர்கள் இருந்தன. ஒன்று பெரியது, மூன்றடுக்கு. மற்றது சின்னது, வெள்ளைத் துணியில் தனியாக முடிந்தது.

"எங்க நோனா போவுது இதெல்லாம்?"

"ஹாலிஎலக்கி. மகள் நஸ்லியா வீட்டுக்கு. வெள்ளிக்கெழமயில அனுப்புற."

"பெருசுல புரியாணி, தெரியுது. மூக்கு இருக்கு. இந்தச் சின்னதுல?"

"சோறும் பருப்பு ஆணமும். கத்தரிக்காப் பொரிச்சது. மோர் மொளகா." ஸுலைஹா அதைக் கொஞ்சம் வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். "நஸ்லியாவுக்கு வயிறு சரியில்ல."

மோட்டார் சைக்கிள்காரன் பெரியதை முன்னால் தொங்கவிட்டான். சின்னதைப் பின்னால், பெரியதில் படாமல், பெட்டியில் வைத்தான். புறப்படும் அவசரம் அவனுக்கு இல்லை. ஒரு சிகரெட் பற்றவைத்தான்.

உள்ளே வந்த ஸுலைஹா அறைக்குள் போய் அந்த நீலப் பையோடு வந்தார். "லக்ஷிகாட உடுப்பு ரெண்டு மூணு கெடந்திச்சி. தாய்ட கையில ஒப்படைக்கிறதுதானே மொற. பேக்கையும் வெச்சிக்கங்க. வந்து எறக்கின மாதிரியே கெடந்த, நான் தொறக்கல்ல. எனக்கி அதப் பாக்க ஏலாது."

யோகம்மா எழுந்தாள். பையை வாங்கினாள். இருபத்தைந்து வருஷம் கூடை சுமந்த உடம்பு கேட்டா செய்யும்? பட்டியை விரித்துத் தலையில் மாட்டினாள், பை முதுகில் போய் உட்கார்ந்தது. இழுக்கவில்லை, தொங்கவில்லை. அவளுக்கென்றே அளந்து வைத்த மாதிரி இடுப்புக்கு மேலே சரியாக நின்றது. வாசலை நோக்கி நடந்தாள்.

தர்மராசா அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சார்?" என்றான் கிஷாந்தன்.

"ஒண்டுமில்லை. வாரும், வெளிக்கிடுவம்."

ஓட்டோ ஒழுங்கை முனையைத் தாண்டியதும் அவர் வாயைத் திறந்தார். "அந்தச் சந்தியில நிப்பாட்டும். கிஷாந்தன், நீர் ஒருக்கா அந்தப் பையைத் தோளில போடும்."

"நானா? பூப்போட்ட பேக் சார் இது."

"பதுளையில உம்மை ஆர் பாக்கப் போயினம்? போடும்."

கிஷாந்தன் இறங்கி நின்று பட்டியைத் தோளில் மாட்டினான். பை அவனுடைய முழங்காலில் வந்து முட்டியது. ஓர் அடி வைத்தான். பை காலுக்கிடையில் புகுந்து அவனைத் தட்டிவிட, பக்கத்துக் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"ஸுலைஹா அம்மா உம்மை விட ஒரு முழம் கட்டை" என்றார் தர்மராசா. "இதைத் தோளில போட்டுக்கொண்டு மலை ஏறினவவாம். எப்பிடி? பை முன்னால உருண்டு போக, அவ பின்னால போனவவோ?"

கிஷாந்தன் பையை யோகம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓட்டோவுக்குள் ஏறினான். அவன் முகத்தில் முதல் தடவையாகப் பகிடிச் சிரிப்பு இல்லை.

"அப்ப நோனா சொமக்கல. லக்ஷிகாதான் சொமந்திருக்கு. வாசல்ல காணாமப் போவல, மேல வரைக்கும் ஏறியிருக்கு." குரலைத் தாழ்த்தினான். "சார், அப்ப மேலதான் என்னமோ நடந்திருக்கு. அந்த மதிலு ஒசரத்தைப் பாத்தீங்கல்ல? அங்கருந்து..."

நிறுத்தினான். கண்ணாடியில் யோகம்மாவின் முகம்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மகள் அந்த உயரத்திலிருந்து விழுந்திருக்கலாம் என்று இவர்கள் பேசுகிறார்கள். கோட்டையும் மதிலும் தெரிந்தன, கீழே புல்லும் தெரிந்தது. புல்லில் லக்ஷிகாவைக் கிடத்திப் பார்த்தாள். அப்போதும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. தனக்குள்ளே இருந்த யாரோ முந்தியே எழுந்து போய்விட்டார்கள், வெறும் காம்பராவுக்கு முன்னால் நின்று இவர்கள் கதவைத் தட்டுகிறார்கள் என்று மட்டும் தோன்றியது.

"செத்துட்டாளா ஐயா?" என்றாள். நாளைக்கு மழை பெய்யுமா என்று கேட்கிற குரல்.

"பொறுங்கோ அம்மா. இவன் பாதியில வண்டியை நிப்பாட்டிப்போட்டான்." தர்மராசா முன்னால் சாய்ந்தார். "கிஷாந்தன், உம்மட ஓட்டோவை வேற ஆரும் ஓட்டிப்போட்டுத் தந்தால் முதல் வேலை என்ன செய்வீர்?"

"பெற்றோல் மிச்சம் இருக்கான்னு பாப்பேன்."

"அதுக்குப் பிறகு?"

"கண்ணாடியைத் திருப்பிக்குவேன். நம்ம ஒசரத்துக்கு..." அவன் வாய் அப்படியே நின்றது.

"சொல்லும்."

"நம்ம ஒசரத்துக்குச் சரிபண்ணாம ஓட்ட முடியாது சார்."

"சரி. லக்ஷிகா கோட்டை உச்சியில துலைஞ்சு போனா எண்டே வைப்பம். அதுக்குப் பிறகு மலை இறங்கோணும். ஹோட்டல், விமான நிலையம், கொழும்பு, பதுளை ரயில். அவ்வளவு தூரம் வேற ஆர் சுமந்திருந்தாலும் முதல் வேலையா இந்தப் பட்டியைக் கட்டையாக்கியிருப்பினம். வந்து இறக்கின மாதிரியே கிடந்தது எண்டு அந்த மனிசியே சொல்லுது. பட்டி இன்னும் தலைக்கு மாட்டுற நீளத்திலதான் கிடக்கு."

கிஷாந்தன் பின் சீட்டுப் பக்கம் முழுதாகத் திரும்பினான்.

"கடைசியா இந்தப் பையைச் சுமந்தது தலையில சுமக்கிற ஆள்" என்றார் தர்மராசா. "சுமந்துகொண்டு வந்தது பதுளை வரைக்கும். உங்கட மகள் இந்தியாவில நிக்கேல்லை அம்மா. திரும்பி வந்திட்டா."

யோகம்மா மடியிலிருந்த பையைப் பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். அதுவும் வரவில்லை.

"வந்திருந்தா எங்க சார்?" என்றான் கிஷாந்தன். "அந்த வீட்டுல வேற செருப்புக்கூட இல்ல. நான் பாத்தேன்."

"அதுக்கு விடையை நீர்தானே தூக்கிக்கொண்டு வந்து தந்தனீர்."

"எதை?"

"வயித்துக்குச் சரியில்லாத ஆளுக்கு ஆரும் கத்தரிக்காய் பொரிச்சு, மோர் மிளகாய் பொரிச்சுக் குடுப்பினமோ? கஞ்சி எண்டால் நம்பலாம். அதுவும், புரியாணிக் கேரியரில நாலாவது தட்டாப் போடாமல், தனிக் கேரியர், தனித் துணி, தனிப் பெட்டி." அவர் யோகம்மாவின் பக்கம் திரும்பினார். "ஒண்டு கேக்கிறன் அம்மா. உங்கட மகள் வெள்ளிக்கிழமையில மச்சம், மாமிசம் சாப்பிடுறவவோ?"

"இல்லீங்கய்யா. மாரியம்மனுக்கு விரதம். சின்னதுலருந்தே." கொஞ்சம் நிறுத்தி, "வெள்ளிக்கெழமைன்னா நோனா எனக்குன்னு தனிச் சட்டியில ஆக்குவாங்க, கரண்டியக்கூட மாத்தமாட்டாங்கன்னு சொல்லுவா" என்றாள்.

கிஷாந்தன் ஓட்டோவைத் திருப்பிய வேகத்தில் பின்னால் வந்த லொறிக்காரன் அவனுடைய பரம்பரையையே விசாரித்தான்.

"சிகரெட் குடிச்சிக்கிட்டு நின்னானே சார், அந்தப் புண்ணியவான், அவன் நல்லா இருக்கணும்!"

ஹாலிஎல வீதியில் இரண்டாவது வளைவிலேயே மோட்டார் சைக்கிள் தெரிந்தது. பின் பெட்டியில் வெள்ளை முடிச்சு குலுங்கிக்கொண்டு போனது. கிஷாந்தன் ஒரு பஸ்ஸை இடையில் விட்டு, பின்னாலேயே போனான்.

"வாழ்க்கையில முதல் தடவையா பருப்பைத் துரத்திக்கிட்டுப் போறேன் சார். அதுவும் பக்கத்துல புரியாணி இருக்கையில."

ஹாலிஎலவில் ரயில் பாதைக்குக் கொஞ்சம் இப்பால் மோட்டார் சைக்கிள் ஒதுங்கியது. கீழே தையற்கடை, மேலே வீடு. மழை தூறத் தொடங்கியிருந்தது. கிஷாந்தன் எதிர்ப்பக்கத்தில் ஓரங்கட்டி, ஓட்டோவின் பக்கப் படங்குத் துணியை இறக்கிவிட்டான். படங்கின் கிழிசல் யோகம்மாவின் கண்ணுக்கு நேராக இருந்தது.

பெரிய கேரியரை வாங்க ஸுலைஹாவின் மகள் நஸ்லியா வந்தாள். வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லாத, நல்ல வாட்டசாட்டமான பெண். அங்கேயே மூடியைத் திறந்து ஒரு இறைச்சித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு உள்ளே பார்த்து ஏதோ கூப்பிட்டாள்.

லக்ஷிகா வந்தாள்.

கழுத்தில் தையல் நாடா. காதில் ஒரு பென்சில். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். சின்னக் கேரியரை வாங்கி, துணி முடிச்சை அவிழ்த்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். மோட்டார் சைக்கிள்காரன் என்னவோ சொன்னான். அவள் தலையைப் பின்னால் போட்டுச் சிரித்தாள்.

யோகம்மா கிழிசலில் கண்ணை வைத்தபடி அசையாமல் இருந்தாள். தை மாதம் என்று நாள் குறித்த அன்றிலிருந்து இந்தச் சிரிப்பை அவள் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே இப்போதுதான் தெரிந்தது. இந்தியாவுக்குப் போகுமுன் லயத்துக்கு வந்திருந்த ஓர் இரவு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, 'எனக்கு வேணாம்மா' என்றாள் மகள். 'எது வேணாம்?' என்றுகூடக் கேட்காமல் கல்லைப் பொறுக்கிப் போட்டாள் இவள். பிள்ளை வேறு யாரிடம் போய்ச் சொல்லும்? தனிச் சட்டியில் ஆக்கிப் போட்டவரிடம் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத அந்த நோனா, ஒரு கோட்டையையே இழுத்து வந்து நடுவில் நிறுத்தியிருக்கிறார்.

தர்மராசாவின் போன் அடித்தது. பொன்னையா.

அவர் எடுக்கவில்லை. போனை உள்ளங்கையில் வைத்தபடி யோகம்மாவைப் பார்த்தார்.

"என்னை அமர்த்தினது உங்கட தம்பி. ஆளைக் கண்டால் சொல்லோணும். அதுதான் பேச்சு." போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. "முப்பது வருசமா மற்றவையின்ர பொய்யைப் பிடிச்சே பழகிப் போச்சு. எனக்கு அது சொல்ல வராது. ஆனால் தாய் கதைக்கக் கேட்டால், தாயிட்டப் போனைக் குடுக்கலாம். அதில பிழை இல்லை."

போனை நீட்டினார்.

யோகம்மா அதை இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

"பொன்னையா, நான்தான்."

"என்னக்கா, ஏதும் தெரிஞ்சிச்சா?"

கிழிசலுக்கு அப்பால் லக்ஷிகா கேரியரை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

"தெரிஞ்சிச்சு. நோனா சொன்னது நெசந்தான். கோட்டையிலயே போயிட்டா. அந்தப் பையனையே கட்டிக்கிட்டாளாம். இனிமே வரமாட்டா."

"எந்த ஊரு? அட்ரசைக் குடு. நானே போயித் தூக்கியாறேன்!"

"இந்தியாவுல போயி யாரை நீ தூக்குவ? அங்க ஒனக்குச் சங்கம் இருக்கா?"

கிஷாந்தன் வாயைப் பொத்திக்கொண்டான். பொன்னையாவின் குரல் இறங்கியது.

"என்னக்கா ஒரு மாதிரி பேசுற? பெத்த பொண்ணு போயிட்டான்னு சொல்ற, ஒரு சொட்டு அழுகை இல்ல?"

"அவ போன நாள்லருந்து நான் எப்ப அழுது நீ பாத்த?"

அது உண்மை.

"மண்டபக்காரனுக்கு என்னத்தைச் சொல்றது?" என்றார் பொன்னையா.

"பொண்ணு இல்லைன்னு சொல்லு."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளங்கையில் போனின் சூடு ஒட்டியிருந்தது. அந்தக் கையை ஆச்சரியமாகப் பார்த்தாள். எத்தனையோ நாளாக அது இருந்த இடமே தெரியாமல் இருந்தது.

"கூப்பிடவாக்கா?" என்றான் கிஷாந்தன் மெதுவாக. "ஒரு நிமிசம். பாத்துட்டாவது போங்க."

"வேணாம் தம்பி. இப்ப நான் போயி நின்னா, இன்னொரு கோட்டைக்கு ஓடிருவா. அவளா வரட்டும்."

"ஸுலைஹா அம்மாவிட்ட நான் சொல்லுறன்" என்றார் தர்மராசா. "தாய்க்குத் தெரியும், தாய் தம்பியிட்ட என்ன சொன்னவ எண்டும் சொல்லுறன். மிச்சம் பிள்ளையின்ர பாடு."

அவள் தலையாட்டினாள். ஓட்டோ கிளம்பித் திரும்பியது. மாடி ஜன்னலில் யாரோ விளக்கைப் போட்டார்கள். மழை வலுத்தது. ஓட்டோ பதுளைக்குத் திரும்பி வந்தது. பசறை வீதியில் திரும்பும்போதுதான் யோகம்மா வாயைத் திறந்தாள்.

"ஐயா, இனிமேத்தான் ஒரு கரைச்சல். பொன்னையா இந்நேரம் தோட்டம் பூரா சொல்லியிருப்பான். லயத்துல எறங்குனதும் எல்லாரும் வந்து கட்டிப் புடிப்பாங்க. நான் அழுவணும். எனக்கு வரமாட்டேங்குதே."

"அதுக்கென்னாக்கா" என்றான் கிஷாந்தன். "பசறைச் சந்தையில வெங்காயம் வாங்கித் தாறேன். சின்னதா, பெருசா? மாப்பிள்ளை தலைவருங்கறதால, பெருசு வாங்குனாத்தான் மரியாதை."

யோகம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்துத் தர்மராசா தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். இருமல் இல்லை. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் முட்டியது, நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை.

"மெதுவாவே ஓட்டு தம்பி" என்றாள் மூச்சு வாங்கியபடி. "மடுல்சீமைக்குப் போறதுக்குள்ள இதை முடிச்சிக்கிறேன்."